விளையில மண்ணு பொலபொலன்னு இருக்க பூஞ்சைப் பசை தான் காரணமா? (குளோமாலின் பத்தின இழை)

கேள்வி, மே 28, 2024
மார்த்தாண்டம் பக்கம் விளையில (தோட்டத்துல) ஏத்தன் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) போட்டிருக்கேன். சரல் மண்ணு. ஒருத்தர் 'வேம்'ங்குத வேர்ப்பூஞ்சைப் பை கொண்டு வந்து, இதுல குளோமாலின் இருக்கு, மண்ணுல இருக்குத கார்பன்ல மூணுல ஒரு பங்கு இதுதான், ரெண்டு மழை பாத்தா மண்ணு பொலபொலன்னு ஆயிரும், பொறவு கார்பன் கிரெடிட்டும் (மண்ணுல கார்பன் சேத்ததுக்கு விக்கக் கெடைக்குத சான்று) வாங்கலாம்ங்காரு. யாருக்காவது விவரம் தெரியுமா?

மே 28, ராத்திரி
அண்ணே, பையில குளோமாலின் கிடையாது. அத மொதல்ல சொல்லிருதேன், மத்தது பொறவு. பையில இருக்கது வேம்ங்குத, வேரோட கூட்டா வாழுத பூஞ்சையோட வித்து, அது பிடிச்ச வேர்த்துண்டு, அதச் சுமக்க வெர்மிகுலைட்டோ (லேசான கனிமத் துகள்) மண்ணோ. வித்து முளைச்சு, உயிருள்ள வேர் ஒண்ணு பக்கத்துல கிடைச்சு, வேருக்குள்ள போயி, அங்கருந்து வெளிய மண்ணுக்குள்ள நூல் ஓட்டி, அந்த நூலோட சுவர்ல தான் குளோமாலின்ங்குத புரதம் உண்டாவுது. செடி வெயில்ல சமைக்குத சர்க்கரையில 4லருந்து 20 சதவீதம் வர இந்தப் பூஞ்சைக்குப் போவுது, கூடவே கொழுப்பும் குடுக்குது. கொழுப்பு விஷயம் 2017ல தான் உறுதியாச்சு, இந்தப் பூஞ்சைக்குச் சொந்தமா கொழுப்பு அமிலம் செய்யத் தெரியாதாம். பதிலுக்கு அது வேர் எட்டாத எடத்துலருந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தண்ணியும் கொண்டு வந்து குடுக்குது. இந்தக் கூட்டு 40 கோடி வருஷப் பழக்கம், ஸ்காட்லாந்துல ரைனின்னு ஒரு ஊர்ல கல்லாப்போன செடியிலயே பாத்திருக்காங்க.

அதனால கேள்வி "எந்தப் பை வாங்கணும்"ங்கது இல்ல. உங்க விளையில வருஷம் பூரா அதுக்குச் சோறு போட வேர் இருக்கா, நூல அறுக்காம விடுதீங்களா, அதான் கேள்வி. நான் எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கும்போது புராஜெக்ட்டே இதுல தான் பண்ணினேன், இப்பம் திருவட்டார் பக்கம் அப்பாவோட விளையப் பாத்துக்கிடுதேன், அந்த அனுபவத்துல எழுதுதேன். மூணுல ஒரு பங்கு கதைய நாளைக்குச் சொல்லுதேன், அது பெரிய கதை.

மே 29
குளோமாலினக் கண்டுபிடிச்சவங்க சாரா ரைட், அமெரிக்க விவசாயத் துறையோட ஆராய்ச்சிப் பிரிவுல, 1996ல. பூஞ்சை வித்த நசுக்கி, அதுக்கு எதிரா எதிர்ப்புப் புரதம் ஒண்ண உண்டாக்கி, அது எங்கெல்லாம் ஒட்டுதுன்னு பாத்தாங்க. நூல்ல ஒட்டிச்சு, வேர்ல ஒட்டிச்சு, மண்ணுக் கட்டி மேலயும் ஒட்டிச்சு. அதுக்கு முன்னாடி யாரும் கவனிக்கல, ஏன்னா அது லேசுல கரையாது, சாதாரணமா மண்ணக் கழுவினா வராது.

அந்த மூணுல ஒரு பங்கு 2002 வாக்குல அவங்க துறைப் பத்திரிகையில தலைப்பா வந்தது. அங்கருந்து தான் இன்னைக்கு வர எல்லா விளம்பரமும் எடுத்துக்கிடுது. ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2001ல, ரில்லிக்ங்குத மண்ணு ஆராய்ச்சியாளர், ரைட் எல்லாரும் சேந்து ஹவாய் தீவுக் காட்டு மண்ணப் பாத்த ஆய்வு இருக்கு. அதுல பழைய மண்ணுல மொத்த கார்பன்ல 4லருந்து 5 சதவீதம் தான் வந்துது. மூணுல ஒண்ணு எங்க, இருபதுல ஒண்ணு எங்க. ஆனா இத சின்னதுன்னு நெனச்சிராதீங்க. அதே மண்ணுல உயிரோட இருந்த மொத்த நுண்ணுயிரோட கார்பன் 0.08லருந்து 0.2 சதவீதம் தான். அதாவது உயிரோட இருக்கதவிட பல மடங்கு, இது விட்டுட்டுப் போனது கிடக்கு. கார்பன் வயசு பாத்ததுல 6லருந்து 42 வருஷம் வர தங்குதுன்னு கணக்கு வந்துது. நம்ம நாட்டு வெக்கைக்கும் மழைக்கும் சருகு ஒரு மழைக்காலத்துல மக்கிப் போவுத எடத்துல 42 வருஷம்ங்கது சாதாரண விஷயம் இல்ல.

அதே மே 29, கொஞ்சம் கழிச்சு
"அக்கா பூஞ்சைக் கட்சியில சேந்துட்டீங்களா"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கான். சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு மக்கா, நீயும் வா, வேர் உள்ள எல்லாருக்கும் எடம் இருக்கு. கடுகு, முள்ளங்கி, கோஸ் மாதிரி சில பயிர் சேராது, அந்தக் குடும்பத்து வேர்ல இந்தப் பூஞ்சை பெரும்பாலும் பிடிக்காது.

ஜூன் 1
எப்பிடி அளக்காங்கன்னு கேட்டிருந்தீங்க. இது முக்கியம், ஏன்னா அளவு புரிஞ்சா தான் எந்த எண்ண நம்பலாம்னு தெரியும்.

ஒரு கிராம் மண்ணு, சலிச்சது. சிட்ரேட் கரைசல் 8 மில்லி. லேசா வருதத எடுக்கணும்னா 20 மில்லிமோலார் (கரைசலோட அடர்த்தி அளவு), அரை மணிக்கூர். மொத்தத்தையும் எடுக்கணும்னா 50 மில்லிமோலார், பிஹெச் 8, ஒரு மணிக்கூர். ஆட்டோகிளேவ்ல (ஆய்வுக்கூடத்து பிரஷர் குக்கர்) 121 டிகிரி. புரதத்தப் போட்டு அந்தச் சூட்டுல வேக வைக்கோம், வேற எந்தப் புரதமும் கெட்டுப்போவும், இது தாங்கும்ங்கது தான் முறையோட அடிப்படை நம்பிக்கை. மெஷின்ல போட்டு வேகமாச் சுத்தி எடுத்தா மேல கட்டன்சாயா நெறத்துல தண்ணி நிக்கும். அத ஊத்தி வச்சிட்டு திரும்பவும் புதுக் கரைசல் ஊத்தி வேக வைக்கணும், நெறம் வைக்கோல் மாதிரி வெளுக்குத வர. ரப்பர் தோட்டத்து மண்ணு அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, திரும்பத் திரும்ப செவப்பாவே வரும், ஆட்டோகிளேவ் பக்கத்துலயே ஒக்காந்து சாயங்காலம் ஆயிரும். மரச்சீனி பிடுங்கின விளை மண்ணு சட்டுன்னு வெளுத்துரும். அந்த நெற வித்தியாசத்தக் கண்ணால பாத்த சந்தோஷத்துல தான் எனக்கு இதுல பிடிப்பு வந்துது.

பொறவு ஒரு நீலச் சாயம் போட்டு அளப்போம், பிராட்ஃபோர்டு முறை. சிக்கல் அங்க தான். அந்தச் சாயம் எந்தப் புரதத்தப் பாத்தாலும் நீலமாவும், போதாக்குறைக்கு சருகுல உள்ள துவர்ப்புச் சத்தப் (டானின்) பாத்தாலும் ஏமாந்து போவும். மண்ணுல உள்ள ஹியூமிக் அமிலமும் (மக்குலருந்து உண்டாவுதது) அந்த செவப்புத் தண்ணியிலயே இருக்கு. சூடு தாங்குத வேற புரதங்களும் வருதுன்னு 2011ல ஒரு கூட்டம் காட்டிச்சு. கொல்லாமரத்து (முந்திரி) சருகு விழுத எடத்துலயோ கிராம்புத் தோட்டத்துலயோ மண்ணு எடுத்து அளந்தா, பூஞ்சை கம்மியா இருந்தாக்கூட எண்ணு கூடி வரலாம். அதனால ரில்லிக்கே 2004ல சொல்லிட்டாரு, இத குளோமாலின்னு நேரா சொல்லாதீங்க, 'குளோமாலின் சார்ந்த மண் புரதம்'னு சொல்லுங்கன்னு.

அப்பம் நான் பாத்த ரப்பர் தோட்டத்து செவப்பு? அதுல பூஞ்சை எவ்வளவு, சருகு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல அந்தச் சோதனையால முடியாது. தோட்டத்துல மண்ணு நல்லா இருந்துது, அது மட்டும் கையால பிடிச்சே தெரிஞ்சுது.

ஜூன் 2
"ட்ரைக்கோடெர்மா போட்டா போதாதா, அதும் பூஞ்சை தானே." இது இன்னொருத்தரோட கேள்வி. அது வேற ஆளு. ட்ரைக்கோடெர்மா மக்குத சாமான் மேல தானா வளரும், சாணியில போட்டா சாணியில பெருகும், வேர் அழுகல் நோய்க்கிருமிய அடக்கும். வேம் பூஞ்சை வேர் இல்லாம வளரவே வளராது. ட்ரைக்கோடெர்மாவ நிறுத்த வேண்டாம், அதோட வேலையே வேற.

ஜூன் 5
மண்ணு பொலபொலன்னு இருக்கதப் பத்தி. ஆய்வுக்கூடம் இல்லாம வீட்டுலயே இத சோதிச்சுப் பாக்கலாம். முறை இதான்: விளையில ரெண்டு எடத்துலருந்து சுண்டுவிரல் நகம் அளவு மண்ணுக் கட்டி, கையால அழுத்தாம எடுத்து, நெழல்ல நல்லா காயவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில மெதுவா விடணும்.

என் வீட்டுல பாத்தது. மரச்சீனி மூட்டடியில எடுத்த கட்டி விழுந்ததும் ஓரத்துலருந்து குமிழி விட்டுது, உள்ள போன தண்ணி காத்தத் தள்ள கட்டி வெடிச்சு, டம்ளர் அடியில செங்காவித் தூளா பரந்துட்டுது, தண்ணியும் கலங்கிட்டுது. வேலி ஓரத்துல, புல்லு மொளைச்சு யாரும் மம்பட்டி வைக்காத எடத்துல எடுத்த கட்டி அப்பிடியே கிடந்துது. மறுநாள் காலையில தண்ணிய ஊத்திட்டு விரலால பிரிச்சா, உள்ளுக்குள்ள மெல்லிசு மெல்லிசா வேர், அதச் சுத்தி கடுகளவு உருண்டைங்க தொங்கிட்டு இருந்துது, உதறினாலும் விழல. புட்டுக்கு நனைச்ச மாவு மாதிரி மண்ணு, பிடிச்சா நிக்கும், அழுத்தினா உதிரும்.

இதுல ஒண்ணு யோசிக்கணும். 1982ல டிஸ்டல், ஓட்ஸ்ங்குத ரெண்டு மண்ணு ஆராய்ச்சியாளர்ங்க ஆஸ்திரேலியாவுல சொன்ன படிநிலை தான் எல்லா பாடப்புத்தகத்துலயும் வரும். கால் மில்லிமீட்டருக்குக் கீழ உள்ள சின்னக் கட்டிய களியும் மக்கும் பிடிச்சு வைக்கும், அதுக்கு மேல உள்ள பெரிய கட்டிய வேரும் பூஞ்சை நூலும் சேத்துக் கட்டும். ஆனா அதே ஓட்ஸ் 1991ல இன்னொருத்தரோட சேந்து பாத்தாரு, ரொம்ப மூத்துப்போன செம்மண்ணுல இந்தப் படிநிலை தெரியல, இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் தானே சிமெண்ட் வேலை பாக்குது. நம்ம சரல் மண்ணு இரும்பு நெறஞ்சது, அந்தப் பக்கம் சாயுத மண்ணு. அதனால இங்க ஒரு கட்டி தண்ணியில நிக்குதுன்னா உடனே பூஞ்சைக்கு மாலை போட முடியாது. ஒரே விளை, ஒரே மண்ணு, ஒரே சரிவு, உழுத எடம் உழாத எடம்னு ஒப்பிட்டா மட்டும் தான் அர்த்தம். என் டம்ளர் ரெண்டும் நடந்தா கொஞ்ச தூரம் தான், இரும்பு ரெண்டுலயும் உண்டு, அப்பமும் ஒண்ணு கரைஞ்சு ஒண்ணு நிக்குது.

ஜூன் 8
ரெண்டு நாளா மனசுல கிடந்தத எழுதுதேன். நாம எல்லாரும் 'பசை, பசை'ன்னு சொல்லுதோம். பூஞ்சை மண்ண ஒட்டுததுக்குன்னே இத வெளிய கக்குதா?

2005ல வந்த ஒரு ஆய்வுல, இந்தப் புரதத்துல 80 சதவீதம் போல நூல் சுவர்லயும் வித்துச் சுவர்லயும் இறுக்கமா இருக்குதுன்னும், தண்ணியில விடுதது கம்மின்னும் பாத்தாங்க. 2006ல ரில்லிக்கும் கட்கரும் ஜீனத் தேடிப் போனா, அது எச்எஸ்பி60ங்குத சூட்டு அதிர்ச்சிப் புரதத்தோட ஒத்துப்போச்சு. அது கிட்டத்தட்ட எல்லா உயிர்லயும் உண்டு, செல்லுக்குள்ள மத்த புரதத்த ஒழுங்கா மடிச்சு வைக்குத வேலை. அப்பம் பூஞ்சை தன் சொந்தத் தேவைக்குச் செஞ்சத, நூல் செத்த பொறவு மண்ணு எடுத்துக்கிட்டு கட்டியாவுதுங்கது தான் பொருத்தமாத் தெரியுது. நூல் ரொம்ப நாள் இருக்காது, சராசரி 5, 6 நாள்ல செத்து புதுசு ஓடுதுன்னு 2003ல அளந்திருக்காங்க. மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு தடிமன் கூட இல்லாத நூல், ஒரு நுள்ளு மண்ணுல மீட்டர் கணக்குல, வாரா வாரம் செத்துச் செத்துப் பெறக்குது. கட்டி நிக்கதுக்கு அந்த நூல் வலையும் ஒரு காரணம், புரதம் மட்டும் இல்ல. 2021ல 25 வருஷ ஆராய்ச்சிய மொத்தமா வச்சு ஒரு விமர்சனம் எழுதினாங்க, அதுலயும் முடிவு இந்தப் பக்கம் தான்: செயல்பாடு இன்னும் தெளிவாத் தெரியணும், அளவு முறையும் மாறணும்.

இத வாசிச்சிட்டு "அப்பம் எல்லாம் டூப்பா"ன்னு கேக்காதீங்க. டூப்பு இல்ல. பூஞ்சை உள்ள மண்ணு கட்டி நிக்குங்கது பானைச் சோதனையிலயும் வயல்லயும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஒரு புரதத்துக்கு மட்டும் முழு வேலையும் எழுதி வைக்க முடியாது, அவ்வளவு தான்.

ஜூன் 11
இடி இடிச்சா மொளைக்குத புத்துக்காளான் இதானான்னு ஒரு அக்கா கேட்டாங்க. இல்லக்கா, அது கரையான் வளக்குத பூஞ்சை. வேம் பூஞ்சை குடை விரிக்கவே விரிக்காது, வித்தெல்லாம் மண்ணுக்கடியிலயே. புத்துக்காளான் கெடச்சா எனக்கும் ஒரு கை எடுத்து வையுங்க.

ஜூன் 15
மழை பிடிச்சிட்டுது. ரப்பர் மறுநடவுக்கு ஜேசிபி விட்ட தோட்டம் ஒண்ணு எங்க விளைக்கு மேல இருக்கு. நேத்து அங்கருந்து வந்த ஓடைத் தண்ணி தக்காளிக் கொழம்பு நெறம். பழைய மரம் நின்ன காலத்துல, இதே ஓடையில மழை விட்ட ஒரு மணிக்கூர்ல தெளிஞ்ச தண்ணி வரும். வேர் போச்சு, நூல் அறுந்துது, கட்டிக்குள்ள பாக்டீரியா கைக்கு எட்டாம அடைஞ்சு கிடந்த கார்பனுக்குக் காத்துப் பட்டுது. அதுல ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாப் போவும், ஒரு பங்கு ஓடையில போயி குழித்துறை ஆத்துல விழும். மனசு கேக்கல.

மறுநடவு பண்ணாம இருக்க முடியாது, பால் வத்தின மரத்த வச்சு யாரு பிழைக்க? ஆனா மழைக்கு முன்னயே மூடுபயிர் வெதச்சிருந்தா இவ்வளவு போவாது. பியூரேரியா, மியூக்குனா ரெண்டும் பயறு வகை, பூஞ்சை நல்லாப் பிடிக்கும். சும்மா விட்டாலே மொளைக்குத புல்லக்கூட மருந்தடிச்சு வெறுந்தரையாக்குத பழக்கத்த விடணும். சுத்தமா இருக்கணும்னு நாம வெறுந்தரையாக்குத எடத்துல பூஞ்சை பட்டினி கிடக்கு.

மரச்சீனிக்கு வருவோம். மரச்சீனி வேர் தடிச்சது, வேர்த்தூவி கம்மி, மணிச்சத்து இல்லாத மண்ணுல இந்தப் பூஞ்சைய நம்பித்தான் அது பிழைக்குது. அவ்வளவு ஒத்தாசையான பயிர் தான், ஆனா பிடுங்கும்போது மூட்டோட மண்ணக் கெளறி எல்லா நூலையும் அறுத்துருதோம், அதும் சரிவுல. அதனால அப்பா மூடு மூடா பிடுங்கின ஒடனே அங்கன தட்டப்பயறு ஊனச் சொல்லுவாவ. அவங்களுக்குப் பூஞ்சை தெரியாது, "மண்ண வெயிலுக்குக் காட்டாத"ம்பாவ, அவ்வளவு தான். வாழைக்கு எடையில மம்பட்டி போட்டு வெட்டிக் கொத்துதத நான் நிறுத்திட்டேன், களைய அறுத்து தூர்ல போடுதேன். டிஏபிங்குத மணிச்சத்து உரத்த அள்ளிப் போட்டா செடிக்குப் பூஞ்சை அவ்வளவா தேவைப்படாது, சர்க்கரையக் கொறச்சிரும், அதனால மண் பரிசோதனையில மணிச்சத்து நடுத்தரத்துக்கு மேலன்னு வந்தவங்க அத வாங்காதீங்க.

ஜூன் 22
நாஞ்சில் நாட்டுலருந்து ஒரு சார் கேட்டிருக்காங்க, கன்னிப்பூ (மொதப் போகம்) வயல்ல தொழி அடிச்சு மண்ணுக் கட்டிய முழுசா கொழைக்கோமே, அப்பம் எங்களுக்கு இதெல்லாம் கிடையாதான்னு. நல்ல கேள்வி. நெல்லுக்கு நாம வேணும்னே கட்டிய ஒடைக்கோம், தண்ணி நிக்கணும்லா. தண்ணி நின்னா காத்து போச்சு, இந்தப் பூஞ்சை கொறஞ்சு போவும், முழுசா சாவாது. அங்க கார்பன் தங்குததுக்கு வேற காரணம், காத்தில்லாம மக்குதது மெதுவாவுது. ஆனா அந்தச் சேத்துலருந்தே பூமியச் சூடாக்குத மீத்தேன் வாயு வருது, அதக் கழிச்சுப் பாக்கணும். வரப்புல பூஞ்சை நல்லா இருக்கும். கும்பப்பூ (ரெண்டாம் போகம்) அறுத்த பொறவு உளுந்து போட்டீங்கன்னா வயலுக்குள்ளயும் திரும்பி வரும்.

ஜூன் 30
கார்பன் கிரெடிட். இத நிறைய பேரு தனியா கேட்டுட்டே இருக்கீங்க.

உலகத்து மண்ணுல மேல் ஒரு மீட்டர்ல கிட்டத்தட்ட 1500 பில்லியன் டன் கார்பன், காத்துல இருக்கதவிட அதிகம். 2023ல ஒரு கணக்கு வந்துது, செடிங்க வருஷத்துக்கு 13.12 பில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா எல்லா வகை வேர்ப்பூஞ்சைக்கும் குடுக்குதுன்னு. அதுல நம்ம வேம் வகைக்கு 3.93. வாட்ஸ்ஆப்ல இத "பூஞ்சை 13 பில்லியன் டன் சேமிக்குது"ன்னு போடுதாங்க. அது கையில குடுத்த கணக்கு, மண்ணுல தங்கின கணக்கு இல்ல. குடுத்ததுல பெரும்பங்கு பூஞ்சை மூச்சுல திரும்பப் போயிரும்.

உங்க விளையில எவ்வளவு தங்குதுன்னு சொல்ல மூணு வேணும்: கார்பன் சதவீதம், எத்தன ஆழம், ஒரு கன சென்டிமீட்டர் மண்ணோட எடை. மண் பரிசோதனை அட்டையில வருதது மொதல் ஒண்ணு மட்டும், அதும் டைக்ரோமேட்ங்குத ரசாயன முறையில முழு கார்பனையும் பிடிக்காது. மண்ணு பொலபொலன்னு ஆச்சுன்னா எடை கொறையும், சதவீதம் மட்டும் பாத்தா கூடின மாதிரி இருக்கும், கணக்குப் போட்டா சில நேரம் ஒண்ணும் கூடியிருக்காது. ஒரு வேம் பைய விக்கதுக்காவ கிரெடிட் வாக்குறுதி குடுக்குதவர்ட்ட இந்த மூணையும் எப்பிடி அளப்பீங்கன்னு கேளுங்க. பதில் வந்தா மட்டும் மேல பேசுங்க. சேத்த கார்பன் ஒருக்க ஜேசிபி விட்டா போயிரும்ங்கதையும் ஒப்பந்தத்துல எப்பிடி எழுதியிருக்காங்கன்னு வாசிங்க.

எனக்கு கிரெடிட் ரெண்டாவது. கட்டி நின்னா மழைத் தண்ணி உள்ள எறங்கும், மே மாசம் வாழை வாடாது, சரிவுல மண்ணு போவாது. அந்த லாபம் இந்த வருஷமே கைக்கு வரும்.

ஜூலை 14
அப்பம் பையே வேண்டாமான்னு மொத கேள்வி கேட்ட அண்ணன் திரும்ப வந்திருக்காங்க. ரெண்டு எடத்துல வேணும். ஒண்ணு திசு வாழைக் கண்ணு, அது பாட்டில்ல கிருமியே இல்லாம வளந்தது, அதுக்கு வேர்ப்பூஞ்சை அறிமுகமே கிடையாது, கண்ணு கடினப்படுத்துத நேரத்துலயே குடுக்கணும். இன்னொண்ணு ஜேசிபி மேல்மண்ண வழிச்சு எடுத்த எடம். மத்தபடி பழைய விளையில பூஞ்சை ஏற்கனவே உண்டு. பல நாட்டுப் பைகளப் பரிசோதிச்சதுல பெரும்பாலானது சுத்தமான மண்ணுல கூட வேர்ல பிடிக்கலன்னு 2022ல ஒரு ஆய்வு வந்துது, அதனால வாங்குனா தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துதா வாங்குங்க, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டா வழி சொல்லுவாங்க.

ஒரு பை வாங்கினா பொறவு வீட்டுலயே பெருக்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி ஆழத்துல குழி, அடியில கறுப்பு பாலித்தீன், மேல வெர்மிகுலைட்டும் சூடுபடுத்தின மண்ணும். ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குக் கீழ ஒரு கிலோ வேம் பரத்தி, மக்காச்சோளம் ஊனணும். உரம் கொறச்சலா. 60 நாள்ல தண்டு அறுத்துட்டு, வேரப் பொடிசா நறுக்கி அந்த மண்ணோடயே கலந்தா, அதான் உங்க வேம். வாழைக்குன்னா குழியில கிழங்குக்கு நேர் அடியில போடணும், வேர் எறங்கும்போது தொடணும், மேல தூவினா வீண். மண்ண மட்டும் நல்லா சூடுபடுத்துங்க, நூற்புழு உள்ள மண்ணுன்னா வாழைக்கு அதயும் சேத்துப் பெருக்கிக் குடுத்துருவோம்.